தவறுதலாக வெடிக்காத துப்பாக்கி

நெய்தல்துறை துறைமுகக் காப்புப் படைக்குப் புதிய கையுறை வாங்குவது என்று முடிவானபோது, கமாண்டன்ட் குலோத்துங்கன் முதலில் கேட்டது, "கறுப்பு கலர்ல கிடைக்குமா?" என்றுதான்.

கிடைக்கும் என்றாள் ஜெசிந்தா. படையின் துப்பாக்கிப் பயிற்சி ஆய்வாளர் அவள். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார்கள்.

கையுறைக்குத் தேவை இருந்தது. கன்டெய்னர் இடுக்கில் விரல் கிழிந்தவர்கள், கப்பலின் கம்பிவடம் உரசி உள்ளங்கைத் தோல் போனவர்கள், பயிற்சியில் சூடேறிய துப்பாக்கிக் குழலைத் தொட்டுக் கொப்புளம் கண்டவர்கள் என்று யாராவது ஒருவர் எப்போதும் மருத்துவ அறையில் இருந்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. படையினரின் துப்பாக்கிகள் அவ்வப்போது தவறுதலாக வெடித்தன. ஒரு தடவை கூரையில் ஓட்டை விழுந்தது. ஒரு தடவை சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவரின் தொடையில் குண்டு பாய்ந்தது. ஒரு தடவை ஆள் செத்தே போனார். கை தவறிவிட்டது என்று விசாரணை முடிந்தது. எல்லா விசாரணையும் அப்படித்தான் முடிந்தது.

மூன்று கம்பெனிகள் மாதிரி அனுப்பியிருந்தன. ஜெசிந்தாவின் சோதனை எளிமையானது. கையுறையோடு கையைத் தண்ணீர் வாளியில் முக்க வேண்டும். அந்த ஈரத்தோடு மேகசினில் தோட்டா நிரப்ப வேண்டும். தரையில் கிடக்கும் ஒரு தோட்டாவைப் பொறுக்க வேண்டும். கைவிலங்கின் சாவியைத் திருப்ப வேண்டும். பிறகு சுட வேண்டும். கடைசியாக, கையுறைக்குள் வாழைத்தண்டைச் செருகி, மீன் வெட்டும் கத்தியால் அவளே ஒரு கீறு கீறிப் பார்ப்பாள்.

முதல் கையுறைக்கு விரல்முட்டிகளின்மேல் கெட்டியான கவசம் இருந்தது. போட்டவுடன் யாராயிருந்தாலும் சண்டைக்குப் போகிறவர் போலத் தெரிந்தார்கள். கமாண்டன்டுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஆள்காட்டி விரல் துப்பாக்கியின் விசை வளையத்துக்குள் நுழையவில்லை. நுழைந்தவர்களுக்கு விசையைத் தொட்டோமா இல்லையா என்று தெரியவில்லை.

இரண்டாவது ஆட்டுத்தோல். விரலில் ஒன்றுமே போடாதது போல இருந்தது. வாழைத்தண்டு இரண்டாக விழுந்தது.

மூன்றாவதைக் கொண்டுவந்தவன் மீரான் என்ற பொறியாளர். சின்னக் கம்பெனி. கையுறை மெல்லிய சாம்பல் நிறத் துணி மாதிரி இருந்தது. கத்தி வழுக்கிக்கொண்டு போனது. பெண்களின் கைக்கும் அளவு வைத்திருந்தான். மணிக்கட்டுப் பட்டையில் ஒரு தடிப்பு.

"இது என்ன?" என்றாள் ஜெசிந்தா.

"அதுதான் மேடம் விஷயமே. ஒரு ஆள் வேணும். துப்பாக்கி காலியா இருக்கணும்."

வரிசையில் முதலில் நின்றவன் காவலர் பேச்சிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கொடுத்த வேலையைச் செய்துவிட்டு ஓரமாய் நிற்பவன். வெறுங்கையில் துப்பாக்கியைக் கொடுத்து, விரலை விசைமேல் வைக்கச் சொன்னான் மீரான். பேசிக்கொண்டே இருந்தவன், சட்டென்று ஒரு கிரிக்கெட் பந்தைப் பேச்சிமுத்துவின் இடப்பக்கம் எறிந்தான். பேச்சிமுத்து இடது கையால் அதைப் பிடித்தான். வலது கையில் துப்பாக்கி 'டிக்' என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிமுத்து துப்பாக்கியைப் பார்த்தான். "நான் அமுக்கலய்யா" என்றான்.

"நீங்க அமுக்கலண்ணே. ஒரு கை இறுகினா இன்னொரு கையும் கூடவே இறுகும். வழுக்கி விழுறப்போ, திடுக்கிடுறப்போ, யாரையாவது பிடிச்சு இழுக்கிறப்போ இப்படித்தான் வெடிக்குது." பிறகு அவனுக்குக் கையுறையை மாட்டி மறுபடி பந்தை எறிந்தான். இந்த முறை ஆள்காட்டி விரலுக்கு மேலிருந்த துணி கண நேரத்தில் கட்டையாக விறைத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை. இப்போது நீங்களாகவே அழுத்துங்கள் என்றான் மீரான். 'டிக்'.

"எப்படித் தெரியுது அதுக்கு?" என்று கேட்டார் குலோத்துங்கன்.

"நாமளா நினைச்சு விரலை மடக்கினா, விரல் அசையறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அந்தச் சேதி மணிக்கட்டுக்கு வந்துரும் சார். கை தானா சுருங்கினா அந்தச் சேதி வராது. வந்தா விடும். வராட்டி தடுக்கும். அவ்வளவுதான்."

"ஞாபகம் வச்சுக்குமா?"

"சுட்டது, தடுத்தது எல்லாத்தையும் வச்சுக்கும் சார். ரிப்பேர் பாக்கத் தேவைப்படும்."

"நல்லது" என்றார் குலோத்துங்கன்.

ஜெசிந்தா மூன்றாவதைத்தான் பரிந்துரைத்தாள். கையுறைகள் வந்திறங்கிய அன்று கமாண்டன்ட் ஒன்றை உயர்த்திப் பிடித்து, "இனிமே இந்தப் படையில தவறுதலான துப்பாக்கிச்சூடுங்கிற பேச்சே இல்ல" என்று நிருபர்களிடம் சொன்னார். படம் எல்லாச் செய்தியிலும் வந்தது. கறுப்பில் கிடைக்கவில்லை என்பது மட்டும் அவருக்குக் குறை.

அந்த வருடம் துறைமுகத்தில் ஆளில்லாத கிரேன்கள் வந்தன. கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டும் தொழிலாளர்களுக்கு வேலை போனது. அவர்கள் மூன்றாம் வாசலில் உட்கார்ந்தார்கள். படை கயிறு கட்டி எதிரே நின்றது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மத்தியான வெயிலில் இரண்டு தரப்பும் ஒரே தண்ணீர் லாரியில் தண்ணீர் பிடித்துக் குடித்தன. நாலாம் நாள் சவரிராயன் என்ற தொழிலாளி கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து பேச்சிமுத்துவிடம் ஏதோ சொன்னான். பேச்சிமுத்துவும் ஏதோ சொன்னான். சவரிராயன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓரடி உள்ளே வந்தான். ஒரே ஒரு குண்டு வெடித்தது.

சவரிராயன் அங்கேயே செத்துப்போனான்.

"கை தவறிருச்சு" என்றான் பேச்சிமுத்து. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று மாலை படையின் அறிக்கையும் அதையே சொன்னது. யாரும் யோசிக்காமல் பழைய அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

சவரிராயனின் மனைவி அமலி நீதிமன்றத்துக்குப் போனாள். அவளுடைய வக்கீல் அதிகம் பேசவில்லை. கமாண்டன்ட் கையுறையை உயர்த்திப் பிடித்த படத்தை நீதிபதியிடம் கொடுத்தார். கையுறை கோளாறா, காவலர் சொல்வது பொய்யா, இரண்டில் ஒன்றைப் படை சொல்லட்டும் என்றார்.

குலோத்துங்கன் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கோளாறுன்னு இருந்தா எல்லாருக்கும் நல்லது. பேச்சிமுத்து பொழைப்பான். படை பேர் கெடாது. கம்பெனிக்காரன் காசைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போவான்."

"கோளாறு இல்லாட்டி சார்?"

"எந்த மெஷின்ல கோளாறு இல்லாம இருக்கு? தேடுங்க."

அவள் தேடினாள். மீரானையும் வரவழைத்தாள். அந்தக் கையுறையை வேறு பத்துப் பேருக்கு மாட்டி, பந்து எறிந்து, தடுக்கி விழவைத்து, காதருகில் பட்டாசு கொளுத்திப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட அது ஏமாறவில்லை. பிறகு மீரான் அது வைத்திருந்த ஞாபகத்தைத் திரையில் போட்டுக் காட்டினான். அன்றைய குண்டுக்கு முன்னால் மணிக்கட்டுக்குச் சேதி வந்திருந்தது. தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"கை தானா சுருங்கல மேடம். அண்ணன்தான் சுட்டிருக்காரு."

"ஏன்னு தெரியுமா?"

"அது தெரியாது மேடம். அதுக்கு நாம ஒண்ணும் வைக்கல."

பேச்சிமுத்துவைப் பணியிடைநீக்கம் செய்து படைக் குடியிருப்பிலேயே வைத்திருந்தார்கள். ஜெசிந்தா போனபோது அவன் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். உட்காரு என்றாள். உட்காரவில்லை.

"என்ன சொன்னான் அவன்?"

"என் சம்பளத்தப் பத்திச் சொன்னான் மேடம். கூலிக்கு நிக்கிற நாய்னான். அத தெனமும்தான் சொல்லுதாங்க."

"நீ?"

"அங்கிட்டுப் போலேன்னேன். அதுக்குப் பெறவு வெடிச்சதுதான் தெரியும்."

"அவன் மேல கோவம் வந்துச்சா?"

பேச்சிமுத்து யோசித்தான். அவன் பொய் சொல்ல யோசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "வந்துச்சு. ஆனா கோவம் எல்லார் மேலயும்தான் வருது. எம் பொஞ்சாதி மேல வருது. ஒங்க மேலகூட வந்துருக்கு. அதுக்கெல்லாம் சுடவா செய்யிதேன்?"

"கையுறை சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, பேச்சிமுத்து."

"அப்டீன்னா?"

"நீ நினைச்சுத்தான் அமுக்கியிருக்க."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "ஒரு கையுறை கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டான்.

கொண்டுவந்திருந்தாள். காலித் துப்பாக்கியும் இருந்தது. அவன் கையுறையை மாட்டிக்கொண்டு இடது கையால் கட்டில் சட்டத்தைச் சட்டென்று இறுக்கிப் பிடித்தான். விரல்மேல் துணி விறைத்தது. சத்தம் வரவில்லை. மறுபடி செய்தான். எழுந்து வேண்டுமென்றே காலை வழுக்கவிட்டுப் பார்த்தான். சுவரில் கையை ஓங்கிக் குத்திப் பார்த்தான். கையுறை ஒவ்வொரு தடவையும் அவனைத் தடுத்தது. வேர்த்து வழிந்தது. கடைசியில் நேராக நின்று, யாரும் இல்லாத மூலையைப் பார்த்து, விசையை அழுத்தினான். 'டிக்'.

கையுறையைக் கழற்றி மடித்து அவளிடம் நீட்டினான்.

"வேல செய்யிது மேடம்" என்றான்.

"கோளாறுன்னு எழுதச் சொல்றாங்க."

"நீங்க எழுதுனா நான் வீட்டுக்குப் போயிருவேன்." பிறகு சொன்னான்: "வீட்டுக்குப் போயி ஒக்காந்து இதத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். நெனச்சனா நெனக்கலயான்னு. எனக்கே தெரியாதத அது தெரிஞ்சு வச்சிருக்கு பாத்தீகளா."

எழுது என்றோ எழுதாதே என்றோ அவன் சொல்லவில்லை. அவள் திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை நின்றாள். கோளாறு என்று எழுதினால் கையுறைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மறுபடி கூரையில் ஓட்டை விழும். சுண்டல்காரரின் தொடையில் பாயும். வேண்டுமென்று சுடுகிறவனும் அந்த ஓட்டை வழியாகவே வெளியே போய்விடுவான்.

நீதிமன்றத்தில் கையுறை சரியாக வேலை செய்தது என்று சாட்சி சொன்னாள். குலோத்துங்கன் முன்வரிசையில் உட்கார்ந்து தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிமுத்துவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நீதிபதி கேட்டார். "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். பத்து வருடம் சிறை. இனிப் படையினர் கையுறை இல்லாமல் துப்பாக்கி ஏந்தக் கூடாது, கையுறையில்லாமல் சுட்டால் அது வேண்டுமென்றே சுட்டதாகக் கொள்ளப்படும் என்றும் தீர்ப்பில் இருந்தது.

வெளியே மரத்தடியில் அமலி நின்றிருந்தாள். ஜெசிந்தா அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை.

"வேணும்னேதான் சுட்டானா?" என்று கேட்டாள் அமலி.

"ஆமா."

"கை தவறிப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தாம்ல, அதத்தான் மவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். தெரியாம நடந்துபோச்சு, யார் மேலயும் தப்பில்லன்னு. அதுவும் தூங்குச்சு. நானும் கொஞ்சம் தூங்குனேன்." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கேஸு போட்டது நாந்தான். ஒங்களச் சொல்லல. இனிமே அதுகிட்ட என்ன சொல்லட்டும்?"

பஸ் வந்தது. அமலி ஏறிப் போனாள்.

படையில் அதன்பின் கையுறை என்றாலே முகம் சுளித்தார்கள். மாட்டும்போது யாரும் பேசுவதில்லை. சாப்பிடும் இடத்தில் அதைக் கழற்றி மேசையில் வைத்தால், பக்கத்தில் இருப்பவன் தட்டோடு தள்ளி உட்காருவான். இரண்டு வாரம் கழித்துச் சிலர் ஜெசிந்தாவிடம் வந்தார்கள். பேச்சிமுத்துவோடு ஒரே அறையில் இருந்த ஆபிரகாம்தான் பேசினான்.

"மேடம், இது எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கு யாரும் சரியாச் சொல்லலை. ஒரு கிளாஸ் எடுங்க."

நியாயமாகப் பட்டது. எடுத்தாள். எந்த அசைவை அது விடும், எதைத் தடுக்கும் என்று காட்டினாள். இடது கையால் துப்பாக்கியின் முன்பகுதியைத் திடீரென்று இறுக்கினால் வலது விரல் கூடவே மடங்கப் பார்க்கும், கையுறை விறைத்துக்கொள்ளும் என்று செய்து காட்டினாள். ஆபிரகாம் மறுபடி காட்டச் சொன்னான். காட்டினாள். பிறகு அவர்களே செய்து பார்த்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள். வராதவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த எதையும் இந்த ஆட்கள் இவ்வளவு சிரத்தையாகப் பழகியதில்லை. பயந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் தொழிலாளர்கள் மறுபடி மூன்றாம் வாசலுக்கு வந்தார்கள். இந்த முறை குடும்பத்தோடு. உள்ளே கப்பல் காத்திருந்தது. வாசலைத் திறந்தாக வேண்டும் என்று மேலேயிருந்து காலை முதல் குலோத்துங்கனுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. பதினோரு மணிக்குக் கல் பறந்தது. ஒரு காவலருக்கு நெற்றி உடைந்தது. கண்ணீர்ப்புகை கடற்காற்றில் திரும்பிப் படையின் மேலேயே வந்தது. சுடுவதற்கு அனுமதி வந்தது.

குலோத்துங்கன் கையில் ஒலிபெருக்கி மைக்கோடு மூன்று முறை எச்சரித்தார். கூட்டத்தின் முன்னால் பெண்கள் நின்றார்கள். அமலியும் அவர்களில் ஒருத்தி. ஜெசிந்தா வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அமலி தன்னைப் பார்த்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சுடு!" என்றார் குலோத்துங்கன்.

வரிசையிலிருந்த அத்தனை பேரும் குறி வைத்தார்கள். அத்தனை பேரின் விரலும் விசைமேல் மடங்கியது. எதிரே பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை.

"சுடு!"

மறுபடி விரல்கள் மடங்கின. யாரும் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. யாரும் ஆணையை மீறவில்லை. பின்னாலிருந்த ஜெசிந்தாவுக்கு மட்டும் அவர்களுடைய இடது கைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் துப்பாக்கியின் முன்பகுதியை நொறுக்குவது போல இறுக்கியிருந்தது. ஆபிரகாமின் கையும்தான்.

எதற்காக அந்த வகுப்பைக் கேட்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

குலோத்துங்கன் அருகிலிருந்தவனின் துப்பாக்கியைப் பிடுங்கினார். தீர்ப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவனுடைய வலது கையுறையையும் உருவி மாட்டிக்கொண்டார். ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் துப்பாக்கியுமாக, துப்பாக்கிக் கட்டையை இடுப்பில் அண்டக்கொடுத்து முன்னால் போனார். அமலி நின்ற இடத்துக்கும் அவருக்கும் நடுவில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. அவர் தோள்கள் உயர்ந்தன. முகம் சிவந்தது. விரல் விசைமேல் இருந்தது.

துப்பாக்கி வெடிக்கவில்லை.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு எல்லோரும் இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தார்கள். படையும் அரைமணி நேரத்தில் பின்வாங்கியது. கப்பல் மறுநாள் வேறு துறைமுகத்துக்குப் போயிற்று.

எல்லாக் கையுறைகளையும் சோதித்துச் சொல்லும்படி ஜெசிந்தாவுக்கு உத்தரவு வந்தது. மீரானோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரிசையிலிருந்தவர்களின் கையுறைகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் காட்டின: கை தானாகச் சுருங்கியது, தடுக்கப்பட்டது. "எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா மேடம்?" என்றான் மீரான். "பயந்திருப்பாங்க" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். அடுத்த கையுறையை எடுத்தான்.

கமாண்டன்ட் போட்டிருந்ததைக் கடைசியாகப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனாள்.

"என்ன கோளாறு?" என்றார் அவர்.

"கோளாறு இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

"ஆளுங்களை விடுங்க. அவங்களை நான் பாத்துக்கறேன். என்னோடது?"

"உங்களோடதும் சரியாத்தான் இருக்கு சார்."

"நான் அமுக்கினேனே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இடது கையில மைக்கை இறுக்கிப் பிடிச்சிருந்தீங்க சார். அதோட சேந்து வலது கை சுருங்கியிருக்கு. நீங்களா அமுக்கினதுக்கு உண்டான சேதி வரவே இல்ல."

குலோத்துங்கன் அவளையே பார்த்தார்.

"அந்த இறுக்கிப் பிடிக்கிறது எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் சுடத்தான் போனேன்."

"தெரியும் சார்."

"அந்தப் பொம்பளையை நேராக் குறி வச்சேன்."

"ஆமா சார். நான் பார்த்தேன்."

"அப்ப நான் சுட நினைக்கவே இல்லங்கறீங்களா?"

"கையுறை அப்படித்தான் சொல்லுது சார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

அவர் வலது கையை மேசைமேல் விரித்து வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா வெட்கமா என்று சொல்ல முடியாத ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இது வெளிய யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

"சரி சார்" என்றாள் ஜெசிந்தா.